செல்லாத இரண்டு பைசாவில் ஒரு கருமாதி

கும்மிடிப்பூண்டிக்கு வராத பழைய இரும்பு கிடையாது. இடித்த பாலத்தின் கம்பி, ஏலம் போன பஸ், நொறுங்கிய கார், மூடிய ஆலையின் எந்திரம், துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டு ஸ்கிராப் எல்லாம் லாரியேறி ஜி.என்.டி. சாலை வழியாக சிப்காட்டுக்கு வரும். எடைமேடையில் நிற்கும், இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருகும், ரோலிங் மில்லில் நீளும், கடைசியில் புது டிஎம்டி கம்பியாகி யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குள் போய் மறையும். இந்த ஊர் கற்று வைத்திருக்கும் பாடம் ஒன்றுதான்: கட்டியதெல்லாம் ஒருநாள் உடையும், உடைப்பதற்கும் காசு வேண்டும். கேஸ் கட்டர் பிடிக்கிற பையன்கூட சிலிண்டருக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் நெருப்பைப் பற்றவைப்பான்.

மத்திய அரசின் அணுசக்தித் துறையும் அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அணு உலைகள் ஆயுள் முடிந்து நிற்கும்போது அவற்றைப் பிரித்து அப்புறப்படுத்த எவ்வளவு சேர்த்துவைக்க வேண்டும் என்ற கணக்கு. மெத்தப் படித்த விஞ்ஞானிகள் போட்டது. விடை: யூனிட்டுக்கு 2 பைசா.

1991இல் வைத்த விலை அது. அந்த ஆண்டில்தான் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்துச் சந்தையைத் திறந்தார். அதன்பின் தங்கம் ஏறியது, நிலம் ஏறியது, டீசல் ஏறியது, கும்மிடிப்பூண்டியில் ஒரு சென்ட் மனை விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. ஏறாமல் நின்றது அணு உலையின் சாவுச் செலவு மட்டும். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதாவது, கையில் கொடுத்தால் பிச்சைக்காரர்கூட திருப்பிக் கொடுத்துவிடும் காசில், பல நூறு ஆண்டுகளுக்குக் காவல் காக்க வேண்டிய கழிவுக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கில் எனக்கு அணுசக்தித் துறையின் மேதைமை கிடையாது. பெருக்கல் தெரியும். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை. திறன் 220 மெகாவாட். ஓராண்டு முழுக்க ஒரு நொடியும் நிற்காமல் ஓடினால் சுமார் 193 கோடி யூனிட். யூனிட்டுக்கு 2 பைசா என்றால் ஆண்டுக்கு 3 கோடியே 85 லட்சம் ரூபாய். 1991இல் ஆரம்பித்து, அந்த உலை நின்றுபோன 2018 ஜனவரி வரை தூங்காமல் ஓடியது என்றே வைத்துக்கொள்வோம். சேர்ந்திருக்கக்கூடியது 104 கோடி. உண்மையில் அது தூங்காமல் ஓடவில்லை. பல ஆண்டுகள் திறனைக் குறைத்து ஓட்டினார்கள், குழாய்களை மாற்ற ஆண்டுக்கணக்கில் நிறுத்தினார்கள். அதெல்லாம் கிடக்கட்டும். அரசு மனம் நோகக் கூடாது. 104 கோடி என்றே வைத்து, வட்டியும் போட்டு, மூன்று மடங்காக்கி 300 கோடி என்று சொல்வோம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மெய்ன் யாங்கி என்ற அணுமின் நிலையத்தைப் பிரித்து எடுத்தார்கள். 2005இல் வேலை முடிந்தது. செலவு சுமார் 50 கோடி டாலர். இன்றைய மதிப்பில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல். அது நம்முடைய கல்பாக்கம் உலையைப்போல் நான்கு மடங்கு பெரியது. ஆகவே நான்கில் ஒரு பங்கு போதும் என்று பேரம் பேசினாலும் 1,000 கோடி. அவ்வளவு கொட்டியும் அங்கே எரிந்து தீர்ந்த எரிபொருள் போகவில்லை; கான்கிரீட் பெட்டகங்களில் அடைபட்டு, அதே வளாகத்தில் காவலர்களோடு உட்கார்ந்திருக்கிறது.

'அமெரிக்காவில் கூலி அதிகம், இந்தியாவில் குறைந்த செலவில் முடித்துவிடலாம்' என்று பதில் வரும். வரட்டும். அதன் பொருள் கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு நன்றாகவே விளங்கும். குறைந்த செலவு என்றால் ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே கோரமண்டல் எக்ஸ்பிரஸில் இறங்கிய ஒடிசாப் பையன், அவன் கையில் ஒரு கையுறை. இங்கே ஃபர்னஸ் வெடித்தால் அவன் பெயர் செய்தித்தாளில் 'வடமாநிலத் தொழிலாளி' என்று வரும். அங்கே உலையைப் பிரிக்கும்போது அதுவும் வராது. கதிர்வீச்சு அன்றைக்கே கொல்வதில்லை, ஊருக்குத் திரும்பிய பிறகு ஆற அமரக் கொல்லும். 2003 ஜனவரி 21இல் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அது நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த ஆலை, பயிற்சி பெற்ற ஊழியர்கள். மலிவு விலைச் சவ அடக்கம் எப்படியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்த 2 பைசாவின் அழகே வேறு. உலை ஓடினால்தான் அது சேரும். உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 பைசா. உற்பத்தி இல்லையென்றால் பூஜ்யம். ஆக, நன்றாக ஓடுகிற உலை தன் சாவுக்குக் காசு சேர்க்கும். நோயில் விழுந்து, ஆண்டுக்கணக்கில் படுத்து, சாகக் கிடக்கிற உலை ஒரு பைசாவும் சேர்க்காது. ஊர்களில் சாவுக்கென்று சங்கம் வைத்து வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலிப்பார்கள். பாடை, பந்தல், மேளம், சுடுகாட்டுக் கூலி எல்லாம் அதிலிருந்து போகும். படுக்கையில் விழுந்தவன் வீட்டில் வசூலை நிறுத்திவிடுங்கள் என்று எந்தச் சங்கத்து எழுதப்படிக்கத் தெரியாத பொருளாளரும் தீர்மானம் போட்டதில்லை. அதற்கு முனைவர் பட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் முதல் உலை 2004 முதல் நின்று கிடக்கிறது. 20 ஆண்டு தாண்டிவிட்டது. மூச்சில்லை, அசைவில்லை, ஆனால் இறப்புச் சான்றிதழும் இல்லை. 1969இல் ஓடத் தொடங்கிய தாராப்பூரின் இரண்டு உலைகளும் 2020இல் நின்றன; புதுப்பித்து ஆயுளை நீட்டும் வேலையில் இறங்கினார்கள். இன்றுவரை இந்தியாவில் ஒரு மின் உலையைக்கூட முழுதாகப் பிரித்து, நிலத்தைச் சுத்தம் செய்து, 'இங்கே ஆடு மேய்க்கலாம்' என்று திருப்பிக் கொடுத்ததில்லை. செத்ததாக அறிவித்தால் காரியம் செய்ய வேண்டும். காரியத்துக்குக் காசு வேண்டும். ஆகவே யாரும் சாகவில்லை. சிரஞ்சீவிகள் எழுவர் என்று புராணம் சொல்லும். அணுசக்தித் துறை அந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்க்கட்சிக்காரன் மேடையில் கத்தியதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. அரசின் கணக்குத் தணிக்கையாளர், சி.ஏ.ஜி., 2012இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் எழுதியது இது: உலைகளை மூடி அகற்றுவதற்கு இந்த நாட்டில் சட்ட அமைப்பே இல்லை. கையேடு வெளியாகி 13 ஆண்டுகள் ஆனபிறகும், 30 ஆண்டு ஓடிய உலை, நின்றுபோன உலை உட்பட எந்த நிலையத்துக்கும் மூடல் திட்டம் இல்லை. போதிய நிதி இருக்கிறதா என்று பார்க்க ஒழுங்குமுறை வாரியத்துக்கு வேலையே இல்லை. 1962 அணுசக்திச் சட்டத்தில் இதற்கென்று நிதி ஒதுக்கச் சொல்லும் ஒரு வரி இல்லை. இன்னொரு நாட்டில் இப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால் அமைச்சர் பதவி விலகியிருப்பார். இங்கே அறிக்கையைத்தான் பதவி விலக்கி அலமாரியில் வைத்தார்கள். ஒழுங்குமுறை வாரியத்தைச் சுதந்திரமாக்க 2011இல் வந்த மசோதா 2014இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. அதற்கு மட்டும் சாவு உரிய நேரத்தில் வந்தது.

இனி கொஞ்சம் கூட்டுறவு பேசலாம். கூட்டுறவு என்றால் நமக்கு ரேஷன் கடை வரிசை, நகைக்கடன் தள்ளுபடி, திருவாலங்காடு சர்க்கரை ஆலையின் கரும்புப் பாக்கி. அமெரிக்கக் கிராமங்களில் மின்சாரமே கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து வருகிறது. சோளம் விதைக்கிற, மாடு வளர்க்கிற உறுப்பினர்களின் சங்கங்கள். அவற்றில் சில அணுமின் நிலையங்களில் பங்கு வைத்திருக்கின்றன. ஜார்ஜியாவில் ஓகல்தார்ப் பவர் என்ற கூட்டுறவுக்கு வோக்டில், ஹேட்ச் நிலையங்களில் 30 சதவீதம். மின்சாரத்தில் 30 சதவீதம் என்றால் பிணச் செலவிலும் 30 சதவீதம். அந்தப் பணத்தைச் சங்கத் தலைவர் தன் மேசை டிராயரில் வைத்துக்கொள்ள முடியாது. சங்கத்தின் கைக்கு எட்டாத அறக்கட்டளையில், தனியே போட்டாக வேண்டும். குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு அமெரிக்க அணுசக்தி ஒழுங்கு ஆணையம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. கூலி ஏறினால், மின்கட்டணம் ஏறினால், கழிவைப் புதைக்கும் செலவு ஏறினால் தொகையும் ஏறும். இரண்டாண்டுக்கு ஒருமுறை 'இவ்வளவு வேண்டும், இவ்வளவு கையிலிருக்கிறது' என்று கணக்குக் காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

விஸ்கான்சினில் டெய்ரிலேண்ட் என்றொரு மின் கூட்டுறவு. பெயரிலேயே பால் வாசனை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஜெனோவா என்ற சிற்றூரில் 50 மெகாவாட்டில் ஓர் அணு உலையை ஓட்டினார்கள். கட்டுப்படியாகவில்லை என்று 1987இல் மூடினார்கள். மூடியதோடு போகவில்லை: உலையைப் பிரித்து இடத்தைச் சுத்தம் செய்ய 30 ஆண்டுக்கு மேல் ஆனது. எரிபொருள் இன்னமும் அங்கேதான் பெட்டகத்தில் இருக்கிறது. வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்த அமெரிக்க அரசுக்கு அதைப் புதைக்க இடமில்லை. வல்லரசின் லட்சணமும் அதுதான். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள்: கையில் காசு வைத்திருந்தவர்களுக்கே 50 மெகாவாட்டைப் பிரிக்க முப்பது வருடம். நம்மிடம் உள்ளது கல்பாக்கத்தில் காசில்லாத 220, கூடங்குளத்தில் காசில்லாத 1,000, அதற்கு மேல் இன்னும் கட்டிக்கொண்டிருப்பவை.

'நடப்பது நடக்கட்டும், அப்போது அரசு பார்த்துக்கொள்ளும்' என்று சொல்கிறவர்களைத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அழைக்கிறேன். அரசு எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இங்கே நிரந்தரக் கண்காட்சி நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்தில் வள்ளூர் நிலையம், சற்றுத் தெற்கே 2017 மார்ச் 31இல் மூடிய எண்ணூர் நிலையம். நிலக்கரிச் சாம்பலில் மர்மம் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும், கையில் அள்ளலாம். அதைக்கூடக் குழாய் உடைந்து உடைந்து கொசஸ்தலை ஆற்றில் விட்டார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். நம் மின்வாரியம் அளக்காமல் போட்டது. செப்பாக்கத்துக்காரர்கள் சாம்பல் குட்டையின் ஓரத்தில் சோற்றில் சாம்பல் விழச் சாப்பிட்டார்கள். காட்டுக்குப்பத்து மீனவர்களின் வலையில் மீனுக்குப் பதில் சேறு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் மின்வாரியத்தின் மீது பொறுப்பைச் சுமத்தித் தீர்ப்பளித்த பிறகும் ஆறு ஆறாகவில்லை. சாம்பலையே துடைக்கத் தெரியாத கைகள் நாளைக்குப் புளூட்டோனியத்தைத் துடைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

பழைய இரும்புக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருப்பார்கள். 2010இல் டெல்லி மாயாபுரி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த ஓர் ஆய்வுக் கருவியை ஸ்கிராப்பாக ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பழைய இரும்புக் கடையில் வெட்டினார்கள். ஒரு தொழிலாளி செத்தார்; பலர் தோல் கருகி மருத்துவமனையில் கிடந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, இந்தியாவில் உருக்கிய இரும்பிலிருந்து செய்த லிஃப்ட் பொத்தான்கள் பிரான்சில் கதிர்வீச்சோடு பிடிபட்டன. ஓர் அறைக்குள் இருந்த ஒரு கருவியை, இருபத்தைந்து வருடம், ஒரு பல்கலைக்கழகத்தால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கல்பாக்கத்தில் இருப்பது ஆயிரக்கணக்கான டன் இரும்பும் கான்கிரீட்டும். ஐம்பது வருடம் காத்திருந்து பிரிக்கலாம் என்பது திட்டமானால், அந்த ஐம்பதாவது வருடத்தில் எந்த அதிகாரி, எந்தக் கோப்பு, எந்தச் செலவுத் தலைப்பு? காசில்லாமல் காவல் போனால், காவல் போன இடத்து இரும்பு எந்த ஊர் எடைமேடைக்கு வந்து நிற்கும்? சிப்காட் ஃபர்னஸ் முதலாளிகள் இந்தக் கேள்வியை என்னைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும்.

கேட்கமாட்டார்கள். 2023 செப்டம்பரில் உச்சநேரக் கட்டணத்தையும் நிலைக் கட்டணத்தையும் எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்கச் சிறு, குறு ஆலைகள் ஒருநாள் கதவடைத்தன. நியாயம். பில்லில் அச்சாகியிருப்பது கண்ணில் குத்தும். பில்லில் அச்சாகாத தொகை பேரன் தலையில் விழும். பேரனுக்கு இப்போது ஓட்டு இல்லை, சங்கம் இல்லை, கதவடைக்க ஆலையும் இல்லை. கல்பாக்கத்து மின்சாரமும் கூடங்குளத்து மின்சாரமும் வள்ளூர் மின்சாரமும் கம்பியில் கலந்துதான் நம் ஃபர்னஸுக்கும் வீட்டுக்கும் வருகின்றன. இன்றைக்கு ஏ.சி. போட்டுத் தூங்குவது நாம். கணக்குத் தீர்க்கப்போவது இன்னும் பிறக்காதவன். இதற்கு நாம் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'மலிவான, சுத்தமான மின்சாரம்'.

இந்த லட்சணத்தில் 2025 பட்ஜெட்டில் அணுசக்தி இயக்கத்துக்கு 20,000 கோடி ஒதுக்கினார்கள். 2047க்குள் 1 லட்சம் மெகாவாட்டாம். கட்டுவதற்குக் காசு எப்போதும் கிடைக்கும். கல்பாக்கத்தின் ஈனுலைக்கு முதலில் போட்ட மதிப்பு 3,492 கோடி. அது இரு மடங்கைத் தாண்டியது, யாரும் கண் சிமிட்டவில்லை. கட்டினால் திறப்பு விழா, கல்வெட்டு, ரிப்பன். பிரித்து எடுத்ததற்கு எந்த நாட்டிலும் பிரதமர் ரிப்பன் வெட்டியதில்லை. 2025 டிசம்பரில் 'சாந்தி' என்ற பெயரில் புதுச் சட்டமும் வந்துவிட்டது. பழைய அணுசக்திச் சட்டத்தையும் 2010 இழப்பீட்டுச் சட்டத்தையும் தூக்கிவிட்டுத் தனியார் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தது. யாருடைய ஆன்மா சாந்தியடைய என்று சட்டம் சொல்லவில்லை. எண்ணூர் அனல்மின் விரிவாக்கத்தின் 660 மெகாவாட் வேலையை எடுத்த லான்கோ கம்பெனி, நிலையம் எழும்புவதற்கு முன்பே திவாலானது. நாலைந்து ஆண்டுகூட நிற்க முடியாத கம்பெனிகள் உள்ள நாட்டில், அறுபது ஆண்டு ஓட்டி, ஐம்பது ஆண்டு காத்திருந்து பிரிக்க வேண்டிய பொறுப்பை யார் வீட்டு முகவரிக்கு எழுதுவது? கம்பெனிக்கு அதன் பங்குதாரர்கள் உண்டு, நீதிமன்றத்தில் திவால் மனு உண்டு. சதுரங்கப்பட்டினத்து மீனவருக்குக் கடலைத் தவிர வேறு எது உண்டு?

ஜெர்மனியில் 2017இல் நான்கு மின் நிறுவனங்களிடமிருந்து அணுக்கழிவைக் காக்கவென்று 2,400 கோடி யூரோவைக் கறந்து தனி நிதியில் போட்டார்கள். அங்கே மின் நிறுவனங்கள் புலம்பின, கொடுத்தன. நம் ஊரில் புலம்பக்கூட ஆளில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவே இல்லை.

ஆகவே கேட்போம். மந்திர தந்திரம் ஒன்றும் வேண்டாம். 2 பைசாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு உலைக்கும் தனித்தனியாக, இன்றைய விலையில், மூடும் செலவைக் கணக்கிடுங்கள். அந்தப் பணத்தை அணுசக்தித் துறையின் கை எட்டாத அறக்கட்டளையில் போடுங்கள். உலை நின்றாலும் வசூல் நிற்காதபடி சட்டம் எழுதுங்கள். தனியாருக்கு உரிமம் கொடுப்பதற்கு முன்பே பிணச் செலவை முன்பணமாக வாங்குங்கள். ஆண்டுதோறும் கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். இதனால் மின்கட்டணம் ஏறும் என்றால் ஏறட்டும். அதுதான் அந்த மின்சாரத்தின் உண்மை விலை, இத்தனை நாளும் நமக்குச் சொன்னது பொய் விலை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற நாடாளுமன்ற வேட்பாளரிடம், திருவள்ளூரானாலும் காஞ்சிபுரமானாலும், இரண்டே எண்களைக் கேளுங்கள்: கல்பாக்கத்து முதல் உலையைப் பிரிக்க எத்தனை கோடி ஆகும்? அதற்கென்று இப்போது கையில் எத்தனை கோடி இருக்கிறது? பதில் தெரியாதென்றால் அவருக்கு ஓட்டில்லை என்று சொல்லுங்கள்.